இஸ்தான்புல்லில் ஒரு முதல் போணி

இஸ்தான்புல்லில் தங்கியிருந்த ஆறு நாட்களில் ஐந்தை மசூதிகளுக்கும் அரண்மனைகளுக்கும் கொடுத்துவிட்டு, ஒரு நாளைக் கடைத்தெருக்களுக்கென்று தனியே எடுத்து வைத்திருந்தேன். நவம்பர் மாதத்து வியாழக்கிழமை அது. கணவருக்கு அன்று முழுவதும் அலுவலக வேலை இருந்தது. யாருக்காகவும் காத்திருக்காமல், யாரையும் காக்கவைக்காமல், விரும்பிய இடத்தில் நின்று, தோன்றியபோது நடக்கலாம் என்பதே பெரிய நிம்மதியாக இருந்தது. வாங்கவேண்டிய பட்டியல் எதுவும் கையில் இல்லை. காபி காய்ச்சும் செம்புப் பாத்திரம் ஒன்று மட்டும் மனத்தில் இருந்தது.

செம்பைத் தேடியதற்குக் காரணம் உண்டு. என் தாத்தா கும்பகோணத்தில் பாத்திரக்கடை வைத்திருந்தார். கோடை விடுமுறை நாட்களில் காலையில் கடை திறக்கும்போது என்னையும் அழைத்துப் போவார். சாம்பிராணிப் புகை அடங்குவதற்குள் முதல் வாடிக்கையாளர் வந்துவிட்டால், அவர் கொடுக்கும் பணத்தை என் கையால் வாங்கச் சொல்வார். நான் கைராசிக்காரி என்பது அவருடைய நம்பிக்கை. வாங்கிய பணத்தை இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டுதான் கல்லாப்பெட்டியில் போடுவார். போணி ஆகும்வரை கடையில் ஒருவரும் உரக்கப் பேசமாட்டார்கள். போணிக்கு வந்தவர் வெறுங்கையோடு திரும்பிவிடக் கூடாது என்பதற்காக, அடக்கவிலைக்கே பொருளைக் கொடுத்து அனுப்பியதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

காலை ஒன்பது மணிவாக்கில் பெயாஸுத் நிறுத்தத்தில் டிராமை விட்டு இறங்கினேன். இஸ்தான்புல் பல்கலைக்கழகத்தின் மதிலையொட்டிச் செல்லும் சாலைக்கு பாகுர்ஜுலர் என்று பெயர். செம்பு வேலை செய்பவர்கள் என்பது அதன் பொருள். பெயரில் இருக்கும் அளவுக்குத் தெருவில் இப்போது செம்பு இல்லை. துணிக்கடைகளும் பிற கடைகளும் இடத்தைப் பிடித்துக்கொண்டுவிட்டன. ஆனாலும் பக்கத்துச் சந்தொன்றில், வாசலில் அண்டாக்களும் தட்டுகளும் கயிற்றில் தொங்க, உள்ளே பெரியவர் ஒருவர் குனிந்து ஏதோ துடைத்துக்கொண்டிருந்த கடை கண்ணில் பட்டது. கைவினைஞர்களை உஸ்தா என்று அழைப்பது அந்த ஊர் மரியாதை. நம் வழக்கில் ஆசாரி என்றும் மேஸ்திரி என்றும் சொல்வதுபோல. நானும் உஸ்தா என்றே அழைத்தேன். அவர் என்னை ஆப்லா என்றார். அக்கா என்று பொருள்படும் சொல் அது. அவர் வயதில் என்னைவிட இருபது ஆண்டுகளாவது மூத்தவர்; ஆனாலும் முன்பின் அறியாத பெண்ணைக் கடைக்காரர் ‘அக்கா’ என்றழைப்பது நமக்கும் பழகிய வழக்கம்தான் என்பதால், எனக்கு அந்த இடம் உடனே அந்நியமாக இல்லாமல் போயிற்று.

துருக்கியர்கள் காபி காய்ச்சும் நீண்ட கைப்பிடிப் பாத்திரத்துக்கு ஜெஸ்வே என்று பெயர். அடி அகன்று, கழுத்து ஒடுங்கி, வாய் மீண்டும் சற்று விரிந்து, ஓரத்தில் சிறிய மூக்கு வைத்திருக்கும். கழுத்து ஒடுங்கியிருப்பதால்தான் நுரை சிதறாமல் திரண்டு எழுகிறது. உஸ்தா எடுத்துத் தந்த ஜெஸ்வேயை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வெளிப்பக்கம் முழுவதும் சுத்தியலின் தடங்கள் மீன் செதில்களைப் போல வரிசை வரிசையாக இருந்தன. அந்த வரிசை ஓரிடத்தில் மட்டும் சற்றுக் கோணியிருந்ததால் அது கையால் அடித்தது என்று தெரிந்தது. பித்தளைக் கைப்பிடியை இரண்டு ஆணிகள் பாத்திரத்தோடு பிணைத்திருந்தன. தாத்தா சொல்லிக்கொடுத்தபடி விரல் நகத்தால் சுண்டிப் பார்த்தேன். தகடு மெல்லியதாக இருந்தால் ஓசை சட்டென்று செத்துவிடும். இது சற்று நேரம் நின்றது. உஸ்தா சிரித்துவிட்டார். சுண்டிப் பார்க்கும் பயணிகள் அவரிடம் அதிகம் வருவதில்லை போலும்.

உள்ளே வெள்ளையாக மின்னிய பூச்சைக் காட்டி அவர் ‘கலாய்’ என்றார். எனக்கு ஒரு கணம் பேச்சு வரவில்லை. நம் ஊரிலும் பாத்திரத்துக்குக் கலாய் பூசுதல் என்றுதான் சொல்வோம்; ஈயம் பூசுதல் என்பதும் அதுவே. செம்பில் புளிப்பான பொருளை வைத்தால் களிம்பு ஏறி நஞ்சாகிவிடும் என்பதால், பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரம் தூவி, வெள்ளீயத்தை உருக்கிப் பஞ்சால் உட்புறம் முழுவதும் இழுத்துத் தேய்ப்பார்கள். அந்த வேலையைச் செய்பவர் துருக்கியில் கலாய்ஜி. இச்சொல் மலாய்க் கரையில் இருந்த ‘கலா’ என்ற ஈயத் துறைமுகத்தின் பெயரிலிருந்து அரபு வழியாகப் பரவியது என்பார்கள். அந்தக் கலாவும் சோழர் கப்பல்கள் சென்ற கடாரமும் ஒன்றே என்று கருதுவோரும் உண்டு. இதையெல்லாம் உஸ்தாவுக்கு விளக்க என்னிடம் மொழி இல்லை. கும்பகோணத்து வீட்டில் இருக்கும் பித்தளை காபி வடிகட்டியின் படத்தைக் கைப்பேசியில் காட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, படத்தைப் பெரிதாக்கி, கீழ்ப்பாத்திரமும் மேற்பாத்திரமும் பொருந்தும் விளிம்பை வெகுநேரம் பார்த்தார்.

விலை சொன்னார். நான் சற்றுக் குறைக்கக் கேட்டேன். அவர் உடனே ‘சிஃப்தா’ என்று சொல்லி, கேட்டதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே குறைத்தார். சிஃப்தா என்றால் நாளின் முதல் வியாபாரம். பணத்தை வாங்கியவர், மடித்த நோட்டைத் தாடையில் ஒருமுறை தேய்த்து, பிறகு நெற்றிக்கு உயர்த்திவிட்டுத்தான் மேசை இழுப்பறையில் வைத்தார். கண்ணில் ஒற்றவில்லையே தவிர, அந்தக் கையின் அசைவு தாத்தாவின் கைதான். கடைவாசலில் நின்று எனக்குக் கண் கலங்கியதை மறைக்க, தொங்கிய தட்டுகளைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

அங்கே பணம் கைமாறும்போது வெறும் நன்றி போதாது. வாங்கிய கடைக்காரர் ‘பெரெகெத் வெர்சின்’ என்பார். இது பெருகட்டும், இதில் நிறைவு உண்டாகட்டும் என்ற வேண்டுதல். அதற்கு வாடிக்கையாளர் ‘பெரெகெதினி கோர்’ என்று பதில் சொல்லவேண்டும். அந்தப் பெருக்கத்தை நீங்கள் காணவேண்டும் என்பது அதன் பொருள். உஸ்தா இரண்டையும் எனக்கு மும்முறை சொல்லிக்கொடுத்தார், நான் மும்முறையும் தடுமாறினேன். பொட்டலத்தைக் கையில் தரும்போது ‘கூலே கூலே குல்லானுன்’ என்றார்; சிரித்துச் சிரித்துப் பயன்படுத்துங்கள் என்பதாம். புதுப் பொருள் வாங்கியவருக்குச் சொல்லும் வாழ்த்து இது. வேலை செய்துகொண்டிருப்பவரைக் கடந்து போகும்போது ‘கொலாய் கெல்சின்’, வேலை இலகுவாக அமையட்டும் என்று சொல்லவேண்டும். கடையைவிட்டு இறங்கும்போது ‘ஹயர்லு இஷ்லெர்’, வியாபாரம் நல்லபடி நடக்கட்டும். வாங்காமல் இறங்கினாலும் இதைச் சொல்லிவிட்டு இறங்கலாம் என்பதால், பார்த்துவிட்டு மட்டும் போகிறோமே என்ற சங்கடம் அன்று முழுவதும் எனக்கு இல்லாமல் போனது. அந்த நாளில் நான் வாங்கியவற்றுள் இந்தச் சொற்களையே முதலாவதாக வைப்பேன்.

சிஃப்தா பற்றித் துருக்கியர்கள் சொல்லும் பழங்கதை ஒன்று உண்டு. காலையில் ஒரு கடைக்காரரிடம் ஒருவர் ஒரு பொருளை வாங்குகிறார். அடுத்து இன்னொன்றைக் கேட்கும்போது, ‘எனக்கு சிஃப்தா ஆகிவிட்டது, பக்கத்துக் கடைக்காரருக்கு இன்னும் ஆகவில்லை, அதை அவரிடம் வாங்குங்கள்’ என்று அனுப்பிவைக்கிறார். ஓட்டோமான் காலத்துக் கடைவீதி அறத்துக்கு எடுத்துக்காட்டாக இதைச் சொல்வார்கள். கதை நடந்ததோ இல்லையோ, நான் காபிக் கோப்பை கேட்டபோது, உஸ்தா தம் கடை அலமாரியில் நான்கைந்து கோப்பைகள் இருந்தும் என்னை வெளியே அழைத்துவந்து, இரண்டு கடை தள்ளி அப்போதுதான் கதவைத் திறந்துகொண்டிருந்த இளைஞரைக் காட்டினார். அங்கேதான் நல்ல கோப்பை கிடைக்கும் என்பதாலா, கதையில் வருகிற காரணத்தாலா என்று நான் கேட்கவில்லை. இளைஞரும் என் பணத்தை வாங்கித் தாடையில் தேய்த்தார்.

அங்கிருந்து நூற்று ஐம்பது அடி நடந்தால் பெரிய பஜார். கபலுச்சார்ஷு, அதாவது மூடிய அங்காடி என்று அந்த ஊரார் சொல்வது, கான்ஸ்டான்டினோபிளைக் கைப்பற்றிய இரண்டாம் மெஹ்மத் சுல்தான் காலத்தில், 1455-ஆம் ஆண்டுவாக்கில் கட்டத் தொடங்கப்பட்டது. இன்று அறுபதுக்கும் மேற்பட்ட தெருக்களும் ஏறத்தாழ நான்காயிரம் கடைகளும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன, ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. இத்தனை பெரிய இடத்தைக் கண்டு மிரளாமல் இருக்க ஒரு வழி, தெருப்பெயர்களை வாசித்துக்கொண்டே நடப்பது. கல்பாக்ஜுலர் என்பது தோல் தொப்பி தைப்பவர்கள் தெரு. இப்போது இரு பக்கமும் தங்க வளையல்கள் தகதகக்கின்றன. ஃபெஸ்ஜிலர், சிவப்புக் குல்லாய்க்காரர்கள். ஆய்னாஜுலர், கண்ணாடி செய்பவர்கள். கவாஃப்லர், செருப்பு விற்பவர்கள். ஒரு தொழிலார் அனைவரும் ஒரே தெருவில் இருந்ததால் வாங்குபவருக்கு ஒப்பிட்டுப் பார்ப்பது எளிது. ஒருவர் மட்டமான சரக்கை விற்றால் பக்கத்துக் கடைக்காரருக்கே முதலில் தெரிந்துவிடும். தரமில்லாத செருப்புத் தைத்தவருடைய செருப்பைத் தொழிற்கூட்டத்தார் கூரைமேல் வீசிவிடுவார்கள் என்றும், மதிப்பிழந்தவரைப் பற்றி ‘அவர் செருப்பு கூரைக்குப் போய்விட்டது’ என்று இன்றும் துருக்கியில் சொல்வது அதனால்தான் என்றும் விளக்கம் சொல்கிறார்கள்.

அங்கே நான் எதுவும் வாங்கவில்லை. பஜாரின் மிகப் பழைய பகுதியான உள் பெதெஸ்தெனில், தடித்த கல் தூண்களுக்கு நடுவே, பழைய வெள்ளிச் சாமான் விற்கும் கடையோரத்தில் முக்காலி ஒன்றில் உட்கார்ந்து தேநீர் குடித்தேன். பதினைந்து குவிமாடங்கள் கொண்ட இந்தக் கூடத்தில்தான் வணிகர்கள் தம் விலைமதிப்புள்ள பொருட்களைப் பெட்டகங்களில் பூட்டி வைத்தார்கள். ஊருக்கே பாதுகாப்பு அறையாக இருந்த இடம். அந்தக் காலக் கடைகளுக்குக் கண்ணாடிக் காட்சிப்பெட்டி கிடையாது. அலமாரிக்கு முன்னால் திண்டு போட்டுக் கடைக்காரர் உட்கார்ந்திருப்பார். வருபவரும் பக்கத்தில் உட்கார்ந்து, பேசி, பிறகே பொருளைக் கேட்பார். தேநீர் கொண்டுவந்த பையன் மூன்று கம்பிகளில் தொங்கும் தட்டில் பத்துக் கண்ணாடிகளை வைத்துக்கொண்டு, ஒரு சொட்டும் சிந்தாமல் கூட்டத்துக்குள் வளைந்து வளைந்து வந்தான். ஒவ்வொரு கடைக்காரரும் பணத்துக்குப் பதிலாக ஒரு பிளாஸ்டிக் வில்லையை அவன் தட்டில் போட்டார். முன்கூட்டியே மொத்தமாக வாங்கி வைத்துக்கொண்ட வில்லைகள் அவை. இடுப்பு ஒடுங்கிய அந்தக் கண்ணாடிக்கு ‘இன்ஜே பெல்லி’ என்று பெயர்; மெல்லிடை என்று நாம் சொல்வதேதான். கருங்கடல் கரையில் ரிஸே மலைகளில் விளையும் தேயிலை, 20-ஆம் நூற்றாண்டில்தான் இந்நாட்டில் இப்படிப் பெருகியது. அதற்குமுன் கடைக்கு வந்தவருக்குக் கொடுத்தது காபி.

பஜாரின் வடக்கு வாசலிலிருந்து இறங்கும் மஹ்முத்பாஷா சரிவில் சுற்றுலாப் பயணிகள் குறைவு. உள்ளூர்க் குடும்பங்கள் கல்யாணத்துக்குத் துணி எடுக்கவும், பிள்ளைகளுக்குக் குளிர்காலச் சட்டை வாங்கவும் வருகிற இடம். கூட்டம் தள்ள, நானும் நடந்தேன். கீழே தஹ்தகலேயில் மரக்கரண்டியும் தராசும் சாக்குப்பையும் விற்கும் கடைகளுக்கு நடுவே ஒரு சின்னப் படிக்கட்டு. ஏறினால் 16-ஆம் நூற்றாண்டில் ஓட்டோமான் கட்டடக் கலைஞர் சினான் கட்டிய ருஸ்தெம் பாஷா மசூதி, சுவர் முழுக்க இஸ்னிக் நகரத்துப் பீங்கான் ஓடுகள், நீலத்தோடு தக்காளிச் சிவப்பும். மசூதியின் தரைக்கு அடியில் இருப்பவை கடைகள். அவற்றின் வாடகையில் மசூதியைப் பராமரிக்கவேண்டும் என்பதே கட்டியபோது செய்த ஏற்பாடு. பெரிய பஜாரின் முதல் வருமானமும் அப்படித்தான் ஆயா சோஃபியா மசூதிக்குப் போனது. கோயில் கடைத்தெருவில் வளர்ந்தவளுக்கு இதில் வியப்பு ஒன்றும் இல்லை. ஆனால் மேலே தொழுகையும் கீழே தராசுமாக ஒரே கட்டடத்தில் பார்த்தபோது, இறங்க மனமில்லாமல் படிக்கட்டில் சிறிது நேரம் நின்றேன்.

மிசுர் சார்ஷு என்ற வாசனைச் சரக்கு அங்காடியும் பக்கத்திலுள்ள ‘புதிய மசூதி’யின் பராமரிப்புக்காகவே எழுந்தது. நான்காம் மெஹ்மத் சுல்தானின் தாயார் துர்ஹான் சுல்தான் கட்டி முடித்த அந்த அங்காடி 1664-இல் திறந்தது. மிசுர் என்றால் எகிப்து. மலபாரில் ஏற்றிய மிளகும் பிற சரக்குகளும் செங்கடல் வழியாகக் கெய்ரோ சேர்ந்து, அங்கிருந்து இங்கே வந்ததால் வந்த பெயர் என்பார்கள். கோபுரம் கோபுரமாகக் குவித்த பொடிகளைப் படமெடுக்கக் கூட்டம் அலைமோதியது. நான் அவற்றைவிட்டு, பெயர்ச்சீட்டுகளை வாசித்துக்கொண்டு போனேன். ஸென்ஜெஃபில் என்று எழுதியிருந்த இடத்தில் இஞ்சி. ஐரோப்பிய மொழிகளிலும் அரபியிலும் பாரசீகத்திலும் இஞ்சிக்கு வழங்கும் சொற்கள் நம் ‘இஞ்சி வேர்’ என்பதிலிருந்தே கிளைத்தன என்பது மொழியறிஞர் பலருடைய முடிவு. தேங்காய்க்குப் பெயர் ஹிந்திஸ்தான் ஜெவிஸி, இந்தியக் கொட்டை. ஒரு கடையில் கறுப்பாக, பிசுபிசுவென்று, கொட்டையும் நாரும் தெரிய ஒரு கட்டி இருந்தது. சீட்டில் தெமிர்ஹிந்தி. கடைக்காரர் ஒரு துணுக்கைக் கிள்ளித் தந்தார். நாக்கில் வைத்ததும் தெரிந்துவிட்டது, புளி. அரபியில் ‘தமர் ஹிந்தி’, இந்தியப் பேரீச்சை என்றிருந்தது துருக்கியர் காதில் தெமிர்ஹிந்தியாகியிருக்கிறது. தெமிர் என்றால் அவர்கள் மொழியில் இரும்பு. இதை அவர்கள் ரசத்துக்கோ குழம்புக்கோ கரைப்பதில்லை. வாசனைப் பொருட்களும் சர்க்கரையும் சேர்த்துச் சர்பத் செய்து குடிக்கிறார்கள். கறுத்துச் சிவந்த இசோத் மிளகாய்த் தூளை மட்டும் நூறு கிராம் வாங்கினேன். உர்ஃபா பகுதியில் மிளகாயைப் பகலில் வெயிலில் காயவைத்து, இரவில் மூடிப் புழுங்கவைத்து எடுக்கிறார்கள். அதனால் காரத்துக்கு அடியில் உலர்திராட்சை போன்ற ஒரு வாசனை நிற்கிறது. இன்னொரு கடையில் குங்குமப்பூ என்று சொல்லிக் குசும்பப்பூவை நீட்டினார்கள். இரண்டுக்கும் இழையின் நுனியிலேயே வித்தியாசம் தெரியும். குங்குமப்பூவின் இழை நுனி விரிந்து எக்காளம்போல் இருக்கும். அதைச் சொல்லாமல் ‘ஹயர்லு இஷ்லெர்’ மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

அங்காடியின் பக்கவாசலில் வறுத்த காபியின் மணம் ஆளை இழுத்தது. தஹ்மிஸ் தெருமுனையில் குருகாவெஜி மெஹ்மெத் எஃபெந்தி கடையின் ஜன்னலுக்கு முன் நீண்ட வரிசை. பச்சைக் கொட்டையை வாங்கி வீட்டிலேயே வறுத்து இடித்துக்கொண்டிருந்த ஊரில், 1871-இல் வறுத்து அரைத்தே விற்கத் தொடங்கிய கடை இது. வரிசை பெரிதானாலும் வேகமாக நகர்ந்தது. உள்ளே இளைஞர்கள் அளப்பது, காகிதத்தை மடிப்பது, முத்திரையிடுவது என்று ஒரே தாளத்தில் இயங்கினார்கள். கைக்கு வந்த பொட்டலம் இளஞ்சூடாக இருந்தது. கோட்டுக்குள் வைத்துக்கொண்டேன். காபித் தூள் வாங்கி வீடு வரும்வரை மடியில் வைத்திருக்கும் என் அம்மாவின் பழக்கம் எனக்கும் இருப்பது அப்போதுதான் தெரிந்தது.

பிற்பகல் எமினோனு படகுத்துறையில் படகேறி, இருபது நிமிடத்தில் ஆசியக் கரையின் காடிகோயில் இறங்கினேன். இங்குள்ள சந்தை ஊர் மக்கள் அன்றாடம் சமைக்க வாங்கும் சந்தை. கூவி அழைப்பவர்கள் உண்டு, கையைப் பிடித்து இழுப்பவர்கள் இல்லை. ஆலிவ் காய்கள் முப்பது வகையாவது இருக்கும். ஆட்டுத்தோலில் அடைத்த பாலாடைக்கட்டி, ஊறுகாய்க் கடையில் கண்ணாடிக் குவளையில் ஊற்றித் தரும் சிவந்த ஊறுகாய்த் தண்ணீர். எல்லாவற்றையும்விட என்னை நிறுத்தியவை மீன்கடைகள். வட்டமான சிவப்புத் தட்டுகளில் மீன்களை அடுக்கி, செவுள்களை வெளியே மலர்த்தி வைத்திருந்தார்கள். குண்டு பல்பின் வெளிச்சத்தில் ஒவ்வொரு மீனின் கழுத்தோரமும் செம்பருத்தி பூத்ததுபோல் இருந்தது. செவுளைத் தூக்கிப் பார்த்துத்தான் நாம் மீன் வாங்குகிறோம். அந்த வேலையை வாங்குபவருக்கு வைக்காமல் விற்பவரே செய்துவிடுகிறார். தலைக்குத் துணி கட்டிய ஒரு மூதாட்டி ஒரு கிலோ ஹம்சி, நம் நெத்திலியின் உறவான மீன், கேட்டார். தராசு ஒரு கிலோவைத் தொட்டபிறகு கடைக்காரர் இன்னொரு கைப்பிடி அள்ளிப் போட்டார். பையைக் கொடுக்கும்போது அந்த அம்மா ஒரு சொல்லும் சொல்லவில்லை, கையை மட்டும் நீட்டியபடி நின்றார். கடைக்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டு, பின்னாலிருந்த கூடையிலிருந்து ஒரு கட்டுக் கொத்தமல்லி போன்ற தழையை எடுத்து மேலே வைத்தார். கொசுறு கேட்டு நிற்கும் அந்த மௌனத்தை நான் கும்பகோணத்துக் காய்கறிக் கடையில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன்.

இருட்டத் தொடங்கியதும் தூறல் விழுந்தது. துறைக்குத் திரும்பும் வழியில் பழக்கடைக்காரர் ஒருவர் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். ‘கொலாய் கெல்சின்’ என்றேன். அவர் கயிற்றைப் பல்லில் கடித்தபடியே தலையசைத்தார். மஞ்சளாக, பேரிக்காயைவிடப் பெரிதாக, மேலே சாம்பல்நிறப் பஞ்சு படர்ந்த அய்வாப் பழங்கள் பெட்டியில் இருந்தன. பச்சையாகத் தின்றால் துவர்க்கும், சர்க்கரையில் வேகவைத்தால் சிவந்து கனிந்துவிடும் என்று முந்தின நாள் உணவகத்தில் தெரிந்துகொண்டிருந்தேன். வேகவைக்க என்னிடம் அடுப்பில்லை. விடுதி அறை மணக்கட்டும் என்று இரண்டு எடுத்தேன். அவர் நிறுத்து, விலை சொல்லி, பணத்தை வாங்கி, சில்லறையை எண்ணிக் கொடுத்து, அன்றைக்கு நூறாவது முறையாக இருக்கலாம், தரையைப் பார்த்துக்கொண்டே ‘பெரெகெத் வெர்சின்’ என்றார்.

காலையிலிருந்து ஒவ்வொரு கடையிலும் நாக்கு புரளாமல் நான் விழுங்கிவிட்டிருந்த பதில், அப்போது தானாக வந்தது. ‘பெரெகெதினி கோர்’ என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். கட்டிக்கொண்டிருந்த கயிற்றை விட்டுவிட்டு, பெட்டியிலிருந்து இன்னொரு அய்வாவை எடுத்து, சட்டையில் பஞ்சைத் துடைத்து, என் பையில் போட்டார்.